ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு படங்கள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் தொனி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

டொரன்டோவில் காலை, லண்டனில் மதியம், இங்கே ஷார்ஜாவில் மாலை, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தூங்கப்போகும் நேரம். இருந்தும் வந்திருக்கிறீர்கள். நன்றி.

வளைகுடா வாழ்க்கையும் எழுத்தும் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். அதை நான் ஒரு பக்கவழியாகத் தொடலாம் என்று நினைக்கிறேன். போன வருடம் துபாயில் ஒரு கல்லூரி வார இறுதியில் நடத்திய அனிமேஷன் அடிப்படைப் படிப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு சனிக்கிழமைகள். எனக்கு நாற்பத்தைந்து வயது, படித்தது நர்சிங் டிப்ளமோ. வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. முதல்நாள் ஒரு பையன் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றான். மரியாதையாக இருந்தது, உட்காரச் சொல்லிவிட்டேன்.

ஏன் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வார்டில் பக்கவாதம் வந்தவர்களும், சர்க்கரை நோயால் காலில் புண் வந்தவர்களும் அதிகம். டிஸ்சார்ஜ் ஆகும்போது சொல்லியனுப்ப ஒரு பட்டியலே உண்டு. காலை தினமும் பார்க்க வேண்டும், விரலிடுக்கைத் துடைக்க வேண்டும், வெறுங்காலில் நடக்கக்கூடாது. இதை ஒருவருக்கு மலையாளத்தில், அடுத்தவருக்கு உருதுவில், அதற்கடுத்தவருக்கு வங்காளத்தில், பஷ்தூவில், அரபியில் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்குத் தாளைக் கொடுத்தால் வாசிக்கத் தெரியாது. நர்சிங் படிக்கும்போது கிராமங்களுக்குப் போய்ப் படம் போட்ட அட்டைகளைத் திருப்பித் திருப்பிக் காட்டி, ஒரு லிட்டர் தண்ணீர், ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். அந்த அட்டை அசைந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம்.

இந்த யோசனையில் புதிது ஒன்றுமில்லை. 1990களில் யூனிசெஃப் தெற்காசியச் சிறுமிகளுக்காக மீனா என்ற பாத்திரத்தை உருவாக்கியது. அவளுக்கு ராஜு என்று ஒரு தம்பி, மிட்டு என்று ஒரு கிளி. ஒரு கதையில் வீட்டில் ஒரு மாம்பழத்தைப் பங்கு வைப்பார்கள். பையனுக்குப் பெரிய துண்டு, பெண்ணுக்குச் சின்னது. அதை வைத்தே சத்துணவு, வீட்டுவேலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள். அந்தப் பெண்ணை வரைந்தவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், 1956ல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அப்போது அங்கே பயிற்சி கொடுக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் வேலை பார்த்தவர், இந்தியாவில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்திய அனிமேஷனின் தந்தை என்று பின்னாளில் அழைக்கப்பட்ட ராம் மோகனும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து அடிப்படை கற்றுக்கொண்டவர்தான் என்பது எனக்குத் தெம்பாக இருந்தது.

முதல் வகுப்பில் பந்து. அனிமேஷன் கற்பவர்கள் எல்லோருக்கும் முதல் பாடம் துள்ளும் பந்துதான். சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் 12 படங்கள் போதும், கண் ஏற்றுக்கொள்ளும். ஒரு விநாடிக்குப் பன்னிரண்டு பந்து வரைய வேண்டும். எல்லாப் பந்தையும் சம இடைவெளியில் வரைந்தால் அது பந்தாக இருக்காது, கம்பியில் கோத்த மணியை இழுப்பதுபோல் இருக்கும். உச்சியில் பந்துகள் நெருக்கமாக இருக்க வேண்டும், தரையை நெருங்க நெருங்க விலகிப்போக வேண்டும். நெருக்கம் என்றால் மெதுவு, விலகல் என்றால் வேகம். தரையில் படும்போது பந்து கொஞ்சம் நசுங்க வேண்டும். ஆனால் நசுங்கினாலும் அதன் கொள்ளளவு குறையக்கூடாது. உயரம் குறைந்தால் அகலம் கூட வேண்டும்.

எனக்கு இது வேறொரு இடத்தில் ஏற்கெனவே தெரிந்த விஷயமாக இருந்தது. ஆயிரம் மில்லி டிரிப்பை எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்கு 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டு எண்ணியே என் இருபதுகள் போயின. சொட்டு எப்படி விழும் என்று பார்த்திருக்கிறீர்களா? முனையில் மெதுவாகத் திரண்டு, கனத்து, கழுத்து மெலிந்து, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் விழும். துள்ளும் பந்தின் கணக்கேதான் அது. ஆசிரியை பலகையில் இடைவெளிகளைக் குறித்துக் காட்டியபோது, நான் நோட்டில் பந்துக்குப் பதிலாகச் சொட்டை வரைந்தேன். அவர் பார்த்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

இப்போது ஷார்ஜாவுக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு கதைக்கு வருகிறேன். எமிரேட்ஸில் இருக்கும் உங்களில் பலர் 'ஃப்ரீஜ்' என்ற தொடரைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீஜ் என்றால் இந்த ஊர் அரபியில் குடியிருப்புத் தெரு, நம் ஊரில் தெரு என்றும் வளைவு என்றும் சொல்கிறோமே, அது. 2006ல் ரமலான் மாதம் சமா துபாய் தொலைக்காட்சியில் தொடங்கியது. மத்தியக் கிழக்கின் முதல் முப்பரிமாண அனிமேஷன் தொடர் என்று அதைச் சொல்கிறார்கள். அதில் சாகச வீரர்கள் யாரும் இல்லை. நான்கு கிழவிகள். உம் சயீத், உம் ஸலூம், உம் அல்லாவி, உம் கம்மாஸ். உம் என்றால் அம்மா. சயீதின் அம்மா, ஸலூமின் அம்மா என்று பிள்ளையின் பெயரால் அழைப்பது. நம் ஊரிலும் மேரி அம்மா, செல்வன் அம்மா என்று கூப்பிட்டே சொந்தப் பெயர் மறந்துபோன பெண்கள் எத்தனை பேர்! ஒருத்திக்கு மறதி, ஒருத்திக்கு வாய், ஒருத்தி விவரமானவள், உம் சயீத் நிதானமானவள், பழமொழி சொல்பவள். சுற்றிலும் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருக்கிற துபாயில், பழைய தெருவொன்றில் காப்பி குடித்துக்கொண்டு புது உலகத்தை விசாரிக்கிறார்கள்.

இதை உருவாக்கியவர் முஹம்மத் சயீத் ஹாரிப். துபாய்க்காரர். பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கலையும் அனிமேஷனும் படித்தார். 1998ல் வகுப்பில் ஒரு பயிற்சி. அவரவர் பண்பாட்டிலிருந்து ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நினைத்துப் பாருங்கள். இருபது வயதுப் பையன், அமெரிக்காவில், சூப்பர் ஹீரோ என்ற சொல்லைக் கேட்டால் முதலில் என்ன வரும்? பறக்கிற ஆள், முகமூடி, இறுகிய தசை. இவர் யோசித்துவிட்டுத் தன் பாட்டியின் சாயலில் ஒரு கிழவியை வரைந்தார். அதுதான் உம் சயீத். வீட்டுப்பாடமாக வரைந்த கோட்டுப்படம் தொலைக்காட்சித் தொடராக எட்டு வருடம் ஆனது. அதற்கு நிறுவனம் தொடங்கி, பணம் திரட்டி, ஆட்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னாளில் கலீல் ஜிப்ரானின் 'தீர்க்கதரிசி' 2014ல் அனிமேஷன் படமானபோது, நன்மை தீமை பற்றிய பகுதியை இயக்கியவரும் இவர்தான்.

முகமூடி என்று சொன்னேன். உம் சயீதுக்கும் ஒரு முகமூடி உண்டு. இந்த ஊர் மூதாட்டிகள் அணியும் புர்கா. தலை முதல் கால்வரை மூடுவது என்று நினைத்துவிடாதீர்கள். இது நெற்றி, மூக்கு, மேலுதட்டை மட்டும் மறைக்கும், தங்கம்போல் மினுங்கும் சின்னத் துணி. துணி காலங்காலமாக இந்தியாவிலிருந்து வந்தது, அவுரிச் சாயம் ஏற்றியது. வேர்த்தால் சாயம் இறங்கும். வார்டில் மூதாட்டிகளுக்கு முகம் துடைத்துவிடும்போது மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் நீலம் படிந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அவர்களை மாமா என்று அழைப்போம். இங்கே அது அம்மாவைக் கூப்பிடும் சொல். ஒரு மாமா, வைத்தியம் முடிந்து கண்விழித்தால் முதலில் தண்ணீர் கேட்கமாட்டார், புர்காவைத்தான் கேட்பார்.

அனிமேஷன் கற்பவருக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பாத்திரத்தின் முகத்தில் பாதி மூடியிருந்தால் கோபத்தை எப்படிக் காட்டுவது? சிரிப்பை எப்படிக் காட்டுவது? கண், குரல், தோள், கை, தலை சாயும் கோணம். 2020ல் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் வேலை பார்த்தோம். முகக்கவசமும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, எதிரே இருப்பவர் பயப்படுகிறாரா, நம்மை நம்புகிறாரா என்பதைத் தோளை வைத்துக் கண்டுபிடித்தோம். என் வகுப்பில் பத்தொன்பது வயது எமிராத்திப் பெண் ஒருத்தி இருந்தாள், ஃப்ரீஜ் பார்த்து வளர்ந்தவள். "என் பாட்டி பேசுவதுபோல் டிவியில் யாரோ பேசியதை அதில்தான் முதலில் கேட்டேன்" என்றாள். அதற்கு முன்பு அவள் பார்த்த கார்ட்டூன்களெல்லாம் வேறு நாட்டு அரபியில் பேசியவை.

நமக்கும் இங்கே ஒரு பங்கு உண்டு. சென்னையில் இருந்த பென்டாமீடியா நிறுவனம் 2000ல் சிந்துபாத் கதையை முழுநீள அனிமேஷன் படமாக்கியது. நடிகர்களின் அசைவைக் கருவிகளால் பதிவுசெய்து அதைப் பாத்திரத்துக்குக் கொடுக்கும் முறையில் முழுக்க உருவான முதல் படம் என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். பாஸ்ராவிலிருந்து கப்பலேறிய அரபு மாலுமிக்குக் கணினியில் உடம்பு கொடுத்தது சென்னை. அதே முறையில் 2014ல் 'கோச்சடையான்' வந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கெல்லாம் முன்பே, எங்கள் குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து ஆடினார்கள். விளக்கு, வெள்ளைத் திரை, தோலில் வெட்டிய உருவம். ஆய்வாளர் அ.கா. பெருமாள் அந்தக் கலைஞர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1926ல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண், கறுப்புத் தாளைக் கத்தரித்து, அசைத்து அசைத்துப் படம்பிடித்து, ஆயிரத்தொரு இரவுகளிலிருந்து இளவரசர் அக்மத் கதையை எடுத்தார். இன்று நமக்குக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது அதுதான். பாவைக்கூத்து பார்த்து வளர்ந்த யாரும் அதைப் பார்த்து ஆச்சரியப்பட மாட்டார்கள். சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கும்.

ஆறாவது வாரம் நடை வந்தது. இதுதான் படிப்பின் மையம். ஒரு அடி எடுத்துவைப்பதற்கு நான்கு நிலைகள். குதிகால் தரையைத் தொடும் நிலை. எடை இறங்கி உடம்பு தாழும் நிலை. ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை. உடம்பு எழும் நிலை. சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 சட்டகம், அதாவது அரை விநாடி. இடது கால் முன்னே போகும்போது வலது கை முன்னே போகும். நடை என்பது விழப்போவதும், அதற்குள் தாங்கிக்கொள்வதும்தான் என்றார் ஆசிரியை. பக்கவாத வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய பெயர். எட்வர்ட் மைப்ரிட்ஜ். 1878ல் கலிபோர்னியாவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையைவிட்டு எழுகின்றன என்று காட்டியவர். பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். அவர் பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேலை செய்து, 1887ல் 781 படத்தட்டுகளை வெளியிட்டார். அதில் நோயாளிகளின் நடையும் இருக்கிறது. ஃபிரான்சிஸ் டெர்கம் என்ற நரம்பியல் மருத்துவர் அவர்களை அழைத்துவந்தார். நடக்க முடியாதவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்பதைச் சட்டகம் சட்டகமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இன்றும் அனிமேஷன் மாணவர்கள் மைப்ரிட்ஜைப் புரட்டுகிறார்கள். என் தொழிலும் என் புதுப் படிப்பும் நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே ஒரே முற்றத்தில் நின்றிருக்கின்றன.

பயிற்சி இதுதான்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரின் நடையை வரையுங்கள். பார்ப்பவர் முகத்தைப் பார்க்காமலே இவர் யாரென்று உணர வேண்டும். ஹாரிப்புக்குப் பாட்டி வந்ததுபோல் எனக்கு அம்மா வந்தாள். அம்மா நாகர்கோவிலில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள், எழுபத்திரண்டு வயது. நான் ஊருக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தினமும் வீடியோவில் பேசுகிறோம். ஆனால் வீடியோவில் எனக்குக் கிடைப்பது நெற்றி, கொஞ்சம் கண்ணாடி, மேலே சுற்றும் ஃபேன். அம்மாவின் கால்களை நான் பதினான்கு மாதமாகப் பார்க்கவில்லை. இங்கே எத்தனையோ அம்மாக்களைக் கைபிடித்து நடத்திக் கூட்டிப்போகிறேன். என் அம்மா நடப்பதை யாராவது படமெடுத்து அனுப்பினால்தான் உண்டு.

மதினியிடம் சொன்னேன். பக்கவாட்டில் நின்று, கூடத்திலிருந்து அடுக்களைவரை அம்மா போய்த் திரும்புவதை முழு உடம்பும் தெரிய எடுத்து அனுப்புங்கள் என்றேன். வீடியோவில் அம்மாவின் குரலும் பதிவாகியிருந்தது. "எதுக்கு மக்களே நான் நடக்கத எடுக்கச் சொல்லுகா? நான் என்ன சினிமாவுலயா நடிக்கேன்?"

வரைவதற்காக அதைச் சட்டகம் சட்டகமாக நகர்த்தினேன். ஓடவிட்டுப் பார்த்தால் வயதான ஒரு பெண் மெதுவாக நடக்கிறாள், அவ்வளவுதான் தெரியும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வேறு. இடது கை வீசுகிறது. வலது கை வீசவே இல்லை, உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. அடிகள் குட்டை. இரண்டு கால்களும் தரையில் இருக்கும் நேரம் நீளம். அடுக்களை வாசலில் திரும்புவதற்கு ஆறு சின்ன அடிகள். ஒவ்வொன்றையும் தாளில் எண்போட்டு வரைந்துகொண்டே வந்தேன். வலது கைக்கு வந்தபோது, முந்தைய படத்தின்மேல் புதுத் தாளை வைத்து அதே கோட்டை அப்படியே நகலெடுக்க வேண்டியிருந்தது. நான்கு தாள், ஐந்து தாள், கை நகரவில்லை. பென்சிலை வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தேன்.

அண்ணன் "வயசாயிற்று இல்லியா?" என்றான். வயதானால் இரண்டு கையும் வேகம் குறையும், ஒரு கை மட்டும் நின்றுபோகாது என்றேன். நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். பார்கின்சன் நோய், ஆரம்ப நிலை. மாத்திரை தொடங்கினார்கள், உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இது குணமாகிற நோய் அல்ல. ஆனால் விழுந்து இடுப்பு முறிந்த பிறகு தெரியவருவதற்கும், இப்போதே தெரிந்து குளியலறையில் ஒரு கைப்பிடி பொருத்துவதற்கும் என்ன வித்தியாசம் என்பதை நான் தினமும் வார்டில் பார்க்கிறேன்.

பயிற்சியைக் கொடுக்க வேண்டிய நாளும் வந்தது. வழக்கமாக நடையைச் சுழலாகச் செய்வார்கள். இரண்டு அடி வரைந்தால் போதும், கணினி அதையே திரும்பத் திரும்ப ஓட்டும், பாத்திரம் முடிவில்லாமல் நடந்துகொண்டே இருக்கும். நான் அப்படிச் செய்யவில்லை. கூடத்திலிருந்து அடுக்களைவரை ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக வரைந்தேன். அம்மாவின் அடுத்த அடி முந்தைய அடிபோல் இல்லை என்பதால். முகம் வரையவில்லை, சேலையும் கண்டாங்கியும் ஒன்றும் வரையவில்லை, வெறும் கோட்டு உருவம். மொத்தம் பதினொரு விநாடி. திரையில் ஓடியபோது ஆசிரியை வலது கையைக் காட்டி, "இது ஏன் அசையவில்லை?" என்று கேட்டார். "அவர் அப்படித்தான் நடக்கிறார்" என்றேன். அந்த எமிராத்திப் பெண் மட்டும், "இன்னொரு முறை ஓட்டுங்கள்" என்றாள்.

கடைசியாக எழுத்துக்கு வருகிறேன், அதற்குத்தானே கூடியிருக்கிறோம். கையால் வரையும் அனிமேஷனில் கீ ஃபிரேம் என்று ஒன்று உண்டு. ஓர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் மூத்த கலைஞர் வரைவார். நடுவே வரும் படங்களை, இன்பிட்வீன் என்பார்கள், இளையவர்கள் உட்கார்ந்து நிரப்புவார்கள். பெயர் முதல்வருக்கு. ஆனால் நடுப்படங்கள் இல்லாவிட்டால் அசைவே இல்லை, இரண்டு நிழற்படங்கள்தான் மிஞ்சும்.

வளைகுடாவைப் பற்றி நாம் எழுதும் கதைகளில் விமான நிலையம் நிறைய வருகிறது. போகும்போது அழுகை, வரும்போது பெட்டி. இரண்டும் கீ ஃபிரேம். நடுவில் இருபது வருடம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து பேருந்தில் தூங்கியது, ஆறு பேர் அறையில் யார் முதலில் குளிப்பது என்பது, மாதம் முதல் வாரத்தில் பணம் அனுப்பும் வரிசை, பழகிப்போன ஒரு மாமா ஒருநாள் படுக்கையில் இல்லாதது. இவை ஒன்றுக்கொன்று கொஞ்சம்தான் வித்தியாசமாக இருக்கும், பக்கத்துப் பக்கத்துப் படங்கள்போல. எழுதச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாராவது உட்கார்ந்து வரைய வேண்டும். என் அம்மாவின் கை நின்றுபோனது அந்த நடுப்படங்களில்தான் தெரிந்தது.

கால்புண் பற்றிய படத்தையும் செய்துகொண்டிருக்கிறேன். நாற்பது விநாடி, பேச்சே கிடையாது. ஒரு மனிதர் செருப்பைக் கழற்றி, சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து, தன் உள்ளங்காலைப் பார்க்கிறார். அதுவரை வந்திருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களில் அநேகமாக எல்லோருக்கும் வேறொரு நாட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். இந்த வாரம் யாரையாவது பக்கவாட்டில் நின்று, பத்தடி நடந்து திரும்புவதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓடவிட்டும் பாருங்கள், நிறுத்தி நிறுத்தியும் பாருங்கள். இரண்டு கையும் வீசுகிறதா, திரும்ப எத்தனை அடி, சுவரைத் தேடிக் கை போகிறதா என்று கவனியுங்கள். ஏதாவது உறுத்தினால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஒன்றுமில்லை என்றால் அந்த வீடியோவை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விகள் இருந்தால் பேசலாம். எனக்கு நாளை காலை ஏழு மணி டியூட்டி, அதுவரை நேரம் இருக்கிறது.